ஓவியரின் கதை தெரியாமல் ஓவியம் புரியுமா?

கேள்வி இதுதான்: டச்சு ஓவியர் வான்கோ ‘விண்மீன் இரவு’ படத்தில் வரைந்த வானம் சுழல்வதற்கு அவருடைய மனநோய்தான் காரணம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஓவியரை மறந்துவிடு, ஓவியத்தை மட்டும் பார் என்கிறார்கள் இன்னொரு சாரார். நவீன ஐரோப்பிய ஓவியங்களுக்கு எப்படித்தான் பொருள் காண்பது? எந்த ஓவியத்தில் தொடங்குவது?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓவியரின் வாழ்க்கை தேவைதான். ஆனால் அது பந்தியில் கடைசியாக வர வேண்டியது. நாம் அதை முதல் வரிசையில் உட்கார வைத்துவிடுகிறோம். காதை அறுத்துக்கொண்டவர் என்ற கதையைக் கேட்டுவிட்டு வான்கோவின் சூரியகாந்தி முன்னால் போய் நிற்பவர் பூவைப் பார்ப்பதே இல்லை. அந்த மஞ்சளில் எங்கே பைத்தியம் தெரிகிறது என்றுதான் தேடுகிறார். தேடினால் கிடைக்கத்தான் செய்யும்.

பழைய ஐரோப்பிய ஓவியத்துக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. அங்கே பொருள் பொதுச்சொத்து. கையில் சாவி இருந்தால் அவர் புனித பேதுரு. மரியாளிடம் வரும் தேவதூதன் கையில் லில்லி மலர் இருந்தால் அது தூய்மையின் அடையாளம். எழுத்து தெரியாதவருக்கும் தேவாலயச் சுவரில் இருப்பது யார் கதை என்று தெரியும். ஓவியம் கேட்டவர் அரசரோ ஆயரோ பெரிய வணிகரோ. எதை வரைய வேண்டும் என்று சொன்னவர்களும் அவர்களே. 19-ஆம் நூற்றாண்டில் இந்த ஏற்பாடு கலைந்தது. 1839-ல் புகைப்படம் ஊரறிய வந்தது. அச்சு அசலாக முகத்தைப் பதிவு செய்யும் வேலை ஓவியர் கையை விட்டு நழுவத் தொடங்கியது. 1841-ல் தகரக் குழாயில் அடைத்த எண்ணெய் வண்ணம் வந்தது. பட்டறையை விட்டு வயல்வெளிக்குப் போய் வரைவது எளிதாயிற்று. ஒருவர் கேட்டு வரைந்து கொடுத்த காலம் போய், வரைந்து வைத்துவிட்டு வாங்க ஆள் தேடும் காலம் வந்தது. 1886-ல் வான்கோ ஒரு ஜோடி கிழிந்த பழைய காலணிகளை வரைந்தார். அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் எடுத்துப் பார்க்க பைபிளும் இல்லை, கிரேக்கப் புராணமும் இல்லை. விடை வரைந்தவரிடம்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் வேர்விட்டது. ஓவிய வியாபாரிகளுக்கும் வாழ்க்கை வரலாறு எழுதுபவர்களுக்கும் இது ரொம்ப வசதி. துன்பப்பட்ட மேதை என்ற கதையோடு வரும் ஓவியம் நன்றாக விலைபோகும்.

இனி வான்கோ. ‘விண்மீன் இரவு’ 1889 ஜூனில் வரையப்பட்டது. அப்போது அவர் தெற்கு பிரான்சில் சான்-ரெமி ஊருக்கு வெளியே இருந்த மனநோய் விடுதியில் இருந்தார். மே மாதம் தாமாகவே போய்ச் சேர்ந்திருந்தார். இவ்வளவும் உண்மை. இதிலிருந்து ‘ஆகவே சுழல்கிறது’ என்று தாவுவதில்தான் கோளாறு. நோய் தாக்கிய வாரங்களில் அவரால் பெரும்பாலும் வரைய முடியவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் வந்த தாக்குதலின்போது வண்ணத்தையே வாயில் போட்டுக்கொண்டதால் பட்டறைக்குள் போக விடாமல் தடுத்தும் வைத்தார்கள். வரைந்ததில் பெரும்பகுதி தெளிவாக இருந்த நாட்களில்தான்.

படத்தையே கொஞ்சம் பாருங்கள். கீழே இருக்கும் கிராமம் அவர் அறை ஜன்னலிலிருந்து தெரியாது. அதன் தேவாலயக் கோபுரம் ஊசிபோல் உயர்ந்திருக்கிறது. தெற்கு பிரான்சில் அப்படிப்பட்ட கோபுரத்தைவிட அவர் பிறந்த நெதர்லாந்தில் காணும் கோபுரத்துக்கே அது நெருக்கம். வானில் பிறை நிலா இருக்கிறது. வானியல் கணக்குப்படி அந்த நாட்களில் இருந்தது பிறை அல்ல, பாதிக்கு மேல் நிறைந்த நிலா. பெரிதாக ஒளிரும் வெள்ளை நட்சத்திரம் மட்டும் அவர் நிஜமாகவே கண்டது. சூரியன் உதிப்பதற்கு வெகுநேரம் முன்பு ஜன்னல் வழியே விடிவெள்ளியை மட்டும் பார்த்தேன், மிகப் பெரிதாகத் தெரிந்தது என்று தம்பி தியோவுக்கு எழுதியிருக்கிறார். ஆக, ஜன்னலில் கண்ட ஒரு துண்டு, ஊர் நினைவில் ஒரு துண்டு, கற்பனையில் ஒரு துண்டு. மூன்றையும் பட்டறையில் உட்கார்ந்து கோத்திருக்கிறார். வெறி வந்த கை இப்படிக் கோக்காது. அந்தச் சுழிகளைப் பற்றி அவரே செப்டம்பரில் தியோவுக்கு விளக்கம் எழுதுகிறார்: அமைப்புக்காக மிகைப்படுத்தியவை, பழைய மரச்செதுக்கு அச்சுப்படங்களின் கோடுகளைப் போல வளைத்தவை என்று. ஆண்டு இறுதியில் நண்பர் எமில் பெர்னாருக்கு எழுதும்போதோ, நட்சத்திரங்களை அளவுக்கு மீறிப் பெரிதாக வரையப் போய் மறுபடியும் தோற்றேன் என்ற தொனி. உலகமே கொண்டாடும் ஓவியம் அவருக்குத் தேறாத சோதனை. பித்தனின் குரல் இதில் எங்கே கேட்கிறது? தொழில்காரர் ஒருவர் தம் வேலையைக் குறைசொல்லும் குரல்தான் கேட்கிறது.

இதைவிடச் சுவையான வழக்கு ‘படுக்கையறை’. 1888 அக்டோபரில், தெற்கு பிரான்சின் ஆர்ல் ஊரில் அவர் குடியிருந்த மஞ்சள் வீட்டில் வரைந்தது. முதல் படி ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. அடுத்த ஆண்டு அதையே மறுபடி வரைந்த இரண்டு படிகள் சிகாகோவிலும் பாரிசிலும். கட்டில் நம் மேல் சரிந்து விழுவதுபோல் இருக்கும். சுவர்கள் கோணலாக இருக்கும். நிழலே கிடையாது. நிலைகுலைந்த மனத்தின் அறை என்று எத்தனையோ பேர் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். ஓவியர் எழுதியது நேர் எதிர்: இந்தப் படத்தில் வண்ணம்தான் வேலை செய்ய வேண்டும், பார்த்தால் ஓய்வும் உறக்கமும் நினைவுக்கு வர வேண்டும், தலைக்கு இளைப்பாறல் கிடைக்க வேண்டும். நிழலை வேண்டுமென்றே நீக்கினேன், ஜப்பானிய அச்சுப்படங்களைப் போலத் தட்டையாகப் பூசினேன் என்றும் சொல்கிறார். சுவரின் கோணல்? அந்த அறையின் ஒரு மூலை நிஜமாகவே சாய்கோணமாகக் கட்டப்பட்டிருந்தது. கட்டிடம் கோணல், அவ்வளவுதான்.

அப்படியானால் அமைதி ஏன் நமக்குத் தெரியவில்லை? அங்கே வண்ண வேதியியல் வருகிறது. சுவர்கள் வெளிர் ஊதா நிறம் என்று கடிதத்தில் இருக்கிறது. இன்று நாம் பார்ப்பது நீலம். ஊதாவுக்காகக் கலந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கிப்போக, நீலம் மட்டும் மிஞ்சியது. மஞ்சள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஊதாச் சுவர் இருந்தால் இரண்டும் எதிர்நிறங்கள், ஒன்றையொன்று நிறைவு செய்யும். அவர் கணக்கு அதுதான். நீலமானதும் கணக்கு மாறிவிட்டது. அந்த நீலத்தின் குளிர்ச்சியை வான்கோவின் தனிமை என்று விளக்குபவர், உண்மையில் சாயம் வெளுத்ததைத்தான் விளக்கிக்கொண்டிருக்கிறார்.

‘காகங்களுடன் கோதுமை வயல்’ பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொய்க்கதை அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கறுத்த வானம், திடீரென்று நின்றுவிடும் பாதை, காகங்கள். இதை வரைந்து முடித்ததும் சுட்டுக்கொண்டார் என்று திரைப்படத்திலேயே காட்டினார்கள். அது அவருடைய கடைசி ஓவியம் அல்ல. 1890 ஜூலை 10 வாக்கில் எழுதிய கடிதத்தில், கலங்கிய வானத்தின் கீழ் பரந்த கோதுமை வயல்களை வரைந்திருப்பதாகச் சொல்கிறார். காகங்கள் உள்ள ஓவியமும் அந்தச் சமயத்தைச் சேர்ந்தது. சோகத்தையும் மிகுந்த தனிமையையும் காட்டவே முயன்றேன் என்று ஒப்புக்கொள்கிறார். பலரும் மேற்கோளை இந்த இடத்தில் வெட்டிவிடுவார்கள். அடுத்து வருவது: சொல்லால் சொல்ல முடியாததை இந்த ஓவியங்கள் உங்களுக்குச் சொல்லும், நாட்டுப்புறத்தில் நலமும் தெம்பும் தருவதாக நான் காண்பதை. சோகமும் தெம்பும் ஒரே மூச்சில். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள்; அந்தக் கோதுமையின் மஞ்சள் எவ்வளவு உக்கிரமாக உயிரோடு இருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

கடைசி ஓவியம் பெரும்பாலும் ‘மர வேர்கள்’. கடைசி மாதங்களில் அவர் தங்கியிருந்த, பாரிசுக்கு அருகே உள்ள ஓவேர் கிராமத்தில் ஒரு சரிவில் துருத்திக்கொண்டு நின்ற வேர்கள். ஜூலை 27 அன்று சுட்டுக்கொண்டார், 29-ல் இறந்தார். இறப்பதற்கு முந்தைய காலையில் வெயிலும் உயிரும் நிறைந்த ஒரு புதர்க்காட்சியை வரைந்திருந்தார் என்று தியோவின் மைத்துனர் பிற்பாடு எழுதினார். 2020-ல் ஒரு பழைய அஞ்சலட்டைப் படத்தை வைத்து அந்தச் சரிவையே அடையாளம் கண்டுவிட்டார்கள். அவர் தங்கியிருந்த சத்திரத்துக்குக் கிட்டத்தில்தான். படத்தை முதலில் பார்க்கும்போது நீலமும் மஞ்சளும் பச்சையுமாகப் பின்னிக் கிடப்பது வேர் என்றே தெரியாது. கிட்டத்தட்ட அருவ ஓவியம், அதாவது எந்தப் பொருளையும் காட்டாமல் வண்ணமும் கோடும் மட்டுமாக நிற்கும் ஓவியம். காகங்களின் மரணக்கதை பிரபலமானதால் இந்தத் துணிச்சலான ஓவியம் வெகுகாலம் நிழலில் கிடந்தது என்பது எனக்கு இன்றும் ஆற்றாமை.

இவ்வளவு சொன்னபின், வாழ்க்கையே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். மேலே கடிதங்களை எத்தனை தடவை துணைக்கு அழைத்தேன் பாருங்கள். படம் ஒரு கேள்வியை எழுப்பிய பிறகு அழைத்தேன், அதுதான் வித்தியாசம்.

நார்வேயின் எட்வர்ட் மூங்க்கை எடுத்துக்கொள்வோம். ‘அலறல்’, 1893. அட்டையில் வரைந்தது, உயரம் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. எல்லோரும் நடுவில் நிற்கும் உருவத்தையே பார்க்கிறார்கள். ஒருமுறை அதை மறைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள். வானம் அலை அலையாக வளைகிறது, கீழே கடல்நீரும் வளைகிறது. ஆனால் பாலத்தின் கைப்பிடி அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேர்கோடு. பின்னால் நடக்கும் இரண்டு பேரும் நெட்டுக்குத்தாக, கம்பம்போல் போகிறார்கள். இப்போது நடு உருவத்தைத் திறந்து பாருங்கள்: அது வானத்தோடு சேர்ந்து வளைகிறது, பாலத்தோடு சேரவில்லை. கை இரண்டும் காதை அடைக்கின்றன. அலறுவது அதுவா, அல்லது எங்கிருந்தோ வரும் அலறலை அது கேட்கிறதா?

மூங்க்கின் குறிப்பேடு இந்த இடத்தில்தான் உதவும். 1892-ல் எழுதியது: இரண்டு நண்பர்களோடு நடந்துகொண்டிருந்தேன், சூரியன் சாய்ந்தது, வானம் ரத்தமாகச் சிவந்தது, களைத்துப்போய் வேலியில் சாய்ந்தேன், நண்பர்கள் நடந்துகொண்டே போனார்கள், நான் நடுங்கி நின்றேன், இயற்கையினூடே முடிவற்ற ஓர் அலறல் செல்வதை உணர்ந்தேன். ஜெர்மன் மொழியில் இந்தப் படத்துக்கு அவர் வைத்த தலைப்பும் ‘இயற்கையின் அலறல்’. 1895-ல் செய்த வண்ணக்கட்டி (பாஸ்டல்) படியின் சட்டத்திலேயே இந்த வரிகளைக் கவிதைபோல் எழுதியும் வைத்தார். கேட்டது ஒருவருக்கு மட்டும். மற்ற இருவருக்குக் கேட்கவில்லை. நேர்கோடும் வளைகோடும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. வானம் சிவந்தது 1883-ன் கிரக்கத்தோவா எரிமலைச் சாம்பலால் என்று சில வானியலாளர்கள் வாதாடுகிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த நண்பர்கள் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்பதற்கு எரிமலையிடம் பதில் இல்லை.

அந்த ஓவியத்தின் மேல் இடப்பக்கத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘பைத்தியக்காரனால் மட்டுமே இதை வரைந்திருக்க முடியும்!’ கண்காட்சிக்கு வந்த யாரோ எரிச்சலில் கிறுக்கிவிட்டுப் போனதாக நெடுங்காலம் நினைத்தார்கள். 2021-ல் ஆஸ்லோவின் தேசிய அருங்காட்சியகம் அகச்சிவப்புப் படமெடுத்து, மூங்க்கின் கையெழுத்தோடு ஒப்பிட்டு, எழுதியவர் மூங்க்கே என்று அறிவித்தது. 1895-ல் அவருடைய படங்களைப் பற்றி மாணவர் சங்கத்தில் நடந்த விவாதத்தில் ஒரு மருத்துவ மாணவர் எழுந்து ஓவியருக்கே புத்தி சரியில்லை என்ற பொருளில் பேசினார். மூங்க் ஐந்து வயதில் தாயையும் பதின்வயதில் அக்காவையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர், ஒரு தங்கை மனநோய் விடுதியில் இருந்தார். தமக்கும் அது வந்துவிடுமோ என்ற அச்சம் மூங்க்குக்கு இருந்தது. ஆக, அந்த வரி கிண்டலா, காயமா? இரண்டும் என்றே நான் படிக்கிறேன். ‘பைத்தியம்தான் வரைந்தது’ என்ற விளக்கம் ஓவியரின் காதுக்கே எட்டி, அவர் அதையே எடுத்துப் படத்தின் மேல் ஒட்டிவிட்டார். சொந்த வாழ்க்கையை ஓவியத்துக்கு விளக்கமாகக் கொண்டுவருபவர்கள் இந்தப் பென்சில் வரியைத் தாண்டித்தான் வர வேண்டும்.

ஓவியரே விளக்கம் மறுத்த கதைகளும் உண்டு. பெல்ஜியத்தின் மக்ரித் 1928-ல் வரைந்த ‘காதலர்கள்’ படத்தில் இருவர் முகத்திலும் துணி சுற்றியிருக்கும். அவருடைய தாய் 1912-ல் ஆற்றில் விழுந்து தற்கொலை செய்துகொண்டவர். உடல் கிடைத்தபோது இரவு உடை முகத்தை மூடியிருந்ததாக ஒரு கதை. ஆகவே துணி என்றால் தாய். மக்ரித் இந்த விளக்கத்தை ஏற்கவே இல்லை. அவர் ஏற்காததால் தவறு என்று ஆகிவிடாதுதான். ஆனால் முத்தமிடும் இருவர் ஒருவரையொருவர் காண முடியாமல் இருக்கிறார்கள் என்ற கண்முன் உள்ள விஷயத்தை விட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு ஓடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

பிக்காசோவின் ‘குவெர்னிகா’வில் சிக்கல் வேறு மாதிரி. ஓவியர் பேசினார், ஆனால் சமயத்துக்கு ஒன்றாகப் பேசினார். ஸ்பெயினின் பாஸ்க் ஊரான குவெர்னிகாவை 1937 ஏப்ரல் 26 அன்று உள்நாட்டுப் போரில் குடியரசை எதிர்த்த தளபதி ஃபிராங்கோவுக்குத் துணைநின்ற ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டுவீசி அழித்தன. மே 1-ஆம் தேதி முதல் கோட்டோவியம். ஜூன் தொடக்கத்தில் ஏறக்குறைய 7.8 மீட்டர் அகலமுள்ள படம் முடிந்துவிட்டது. இதில் விமானம் இல்லை, குண்டு இல்லை. ஒரு காளை, அலறும் குதிரை, இறந்த குழந்தையோடு ஒரு தாய், மேலே மின்விளக்கு. காளை யார்? 1945-ல் வெளியான ஒரு நேர்காணலில், காளை பாசிசம் அல்ல, ஆனால் மிருகத்தனமும் இருளும் அதுதான், குதிரை மக்களைக் குறிக்கிறது என்றார். வேறொரு சமயம், காளை என்றால் காளை, குதிரை என்றால் குதிரை என்று கையை விரித்துவிட்டார். இரண்டையும் வைத்துச் சண்டை போடுவதைவிட, படம் வளர வளர புகைப்படக் கலைஞர் டோரா மார் எடுத்துவைத்த புகைப்படங்களைப் பார்ப்பதில் அதிகம் கிடைக்கும். ஆரம்பத்தில் நடுவில் ஒரு முறுக்கிய முஷ்டி வானை நோக்கி உயர்ந்து நின்றது: கட்சிச் சுவரொட்டியில் காணும் அதே முஷ்டி. போகப்போக அதை அழித்துவிட்டார். வெற்றிச் சைகையை எடுத்துவிட்டு, விழுந்தவனின் கையில் உடைந்த வாளையும் அதன் அருகில் ஒரு சின்னப் பூவையும் மட்டும் விட்டுவைத்தார். நேர்காணலில் எதைச் சொன்னாலும், எதை அழித்தார் என்பது மாறாத சாட்சியம்.

படத்தைக் கைபேசித் திரையில் பார்ப்பவர்கள் அளவை மறந்துவிடுவார்கள், அதையும் கவனியுங்கள். குவெர்னிகா ஒரு சுவர். வான்கோவின் படுக்கையறை ஒரு மீட்டருக்குள் அடங்கும். ஒன்றின் முன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும், மற்றதன் முன் குனிந்து பார்க்க வேண்டும். அருவ ஓவியங்களில் நிபுணர்களே சறுக்கியிருக்கிறார்கள் என்பதும் தெரிந்திருந்தால் நமக்குத் தைரியம் வரும்: டச்சு ஓவியர் மோன்ட்ரியான் ஒட்டுநாடாக்களால் செய்த ‘நியூயார்க் நகரம் 1’ என்ற படைப்பு பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகத் தொங்கியிருக்கலாம் என்று 2022-ல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் அருங்காட்சியகத்தினர் சொன்னார்கள். திருப்பினால் நாடாக்கள் உதிர்ந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

எதில் தொடங்குவது என்ற கேள்விக்கு என் பரிந்துரை பிரெஞ்சு ஓவியர் எதுவார் மானேயின் ‘ஃபோலி-பெர்ஜேர் மதுக்கூடம்’, 1882. ஃபோலி-பெர்ஜேர் பாரிசின் ஒரு கேளிக்கை அரங்கு. லண்டனின் கோர்ட்டால்ட் காட்சிக்கூடத்தில் இருக்கிறது; உயர்தரப் படம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மானேயைப் பற்றி எதையும் படிக்காமல் முதலில் படத்தைத் திறந்து வையுங்கள். பணிப்பெண் நேராக நம்மைப் பார்க்கிறாள். அவளுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் கண்ணாடி. கூட்டம், விளக்கு, புகை எல்லாம் பிம்பம். மேல் இடது ஓரத்தில் பச்சைக் காலணி போட்ட இரண்டு கால்கள் தொங்கும். ஊஞ்சல் வித்தைக்காரரின் கால்கள். அவ்வளவு பெரிய வேடிக்கையில் ஓவியர் நமக்குக் காட்டுவது அந்தக் கால்களை மட்டும். மேடையில் இருக்கும் புட்டிகளைக் கண்ணாடியில் இருக்கும் புட்டிகளோடு ஒப்பிட்டு எண்ணிப் பாருங்கள். பிறகு வலப்பக்கம் வாருங்கள். அவளுடைய முதுகு கண்ணாடியில் அங்கே தள்ளிப்போய்த் தெரிகிறது, எதிரே தொப்பி போட்ட ஒருவன் நெருங்கி நிற்கிறான். நேரே அவள் முகத்தில் ஒரு பாவம். கண்ணாடியில் அவள் சற்றுக் குனிந்து பேசுகிறாள். அவன் நிற்க வேண்டிய இடத்தில் நாம் அல்லவா நிற்கிறோம்?

கண்ணாடியை வரையத் தெரியவில்லை என்று அன்றைய விமர்சகர்கள் கேலி செய்தார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, பிம்பத்தை மானே படிப்படியாக வலப்பக்கம் நகர்த்தியது தெரியவந்தது. தெரியாமல் செய்த வேலை அல்ல. இவ்வளவும் பார்த்து, உங்களுக்கென்று ஒரு ஊகம் வந்தபின் வாழ்க்கையைத் திறக்கலாம்: நோயால் நடமாட முடியாமல் மதுக்கூட மேடையைத் தம் பட்டறையிலேயே அமைத்து, அங்கே நிஜமாக வேலை பார்த்த சூசோன் என்ற பெண்ணையே நிற்க வைத்து வரைந்தார், அடுத்த ஆண்டு ஏப்ரலில், 51 வயதில், இறந்துபோனார். 2000-ஆம் ஆண்டில் மால்கம் பார்க் என்ற ஆய்வாளர் அதேபோல் ஒரு மேடையும் கண்ணாடியும் அமைத்துப் புகைப்படம் எடுத்து, பார்ப்பவர் நேர் எதிரே நில்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி நின்றால் இந்தக் காட்சி சாத்தியம் என்று காட்டினார். அந்தப் புகைப்படத்தைத் தேடிப் பார்ப்பதற்கு முன், அந்த ஆணும் நாமும் எங்கே நிற்கிறோம் என்று நீங்களே ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.